தொடை எலும்பைத் தூக்கியவர்களில் மூன்றாமவன்

ஜமுனாமரத்தூர்,
புதன்கிழமை.

தம்பி விஜயராஜுக்கு, அண்ணன் தீர்த்தகிரி எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய், பேப்பரில் பார்த்தேன். ஐதராபாத்தில் கட்டியிருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கு டைனோசர் எலும்புக்கூடு வந்து இறங்கிய படம். லாரியிலிருந்து தொடை எலும்பை ஆறு பேர் தூக்குகிறீர்கள். மூன்றாவது ஆள் நீ. வலது புருவத்தில் அதே அரிவாள் தழும்பு.

எட்டு வருடத்துக்கு முன்பே உன்னை அடக்கம் செய்துவிட்டோம். இது உனக்குத் தெரியுமா?

செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குப் போகாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. காவலூர் வானாய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்த மாதம்தான் நீ காணாமல் போனாய். உன்னைத் தேடி அலைந்ததில் அந்த வேலையும் போயிற்று. அதை நான் மறக்கவில்லை. படித்தவன் என்று, அங்கே ஒரு ஏரியில் மிதந்த பிணத்தை அடையாளம் காட்டவும் என்னையே அனுப்பினார்கள். தண்ணீரில் ஊறிப்போன முகம். உடம்பில் நான் உனக்குக் கொடுத்த நீலச் சட்டை. இப்படித்தான் முடியும் என்று முன்பே சொன்னவன் நான். இரண்டாம் முறை பார்க்கவில்லை. ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

சட்டையை யாருக்குக் கொடுத்தாய்? அவனைத்தான் நம் சாமை நிலத்தில் புதைத்து, உன் பேரில் கல் நட்டிருக்கிறோம். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. உன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள். வைத்தோம்.

கோகிலவாணி எங்கும் போகவில்லை. நீ கட்டிய தாலியைக் கழற்றிவிட்டு இங்கேயேதான் இருக்கிறாள். நேற்றுச் சாயந்திரம் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினாள். "இன்னா மாமா, இது அவுருதானே? நீங்க சொன்னா நம்பறேன்" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் என்றால், அன்றைக்கு நீங்கள் பார்த்தது யாரை என்று கேட்பாள். எட்டு வருடம் அவளை வெறும் கழுத்தோடு உட்காரவைத்தது என் கையெழுத்து. "சரிங்க" என்று பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாமை புடைக்கப் போய்விட்டாள். அழவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் போன் செய்து உன் காண்டிராக்டர் முகவரியை வாங்கினேன். ஏன் வரவில்லை என்று விசாரிக்க இதை எழுதவில்லை. உனக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கலாம். இருந்தால் அதையும் அவளிடம் நீயே சொல்.

திருத்திச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ வந்து வாசலில் நில். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்கட்டும். பதில் சொல்கிறேன்.

வந்தாலும் வராவிட்டாலும், உயிரோடு இரு தம்பி.

உன் அண்ணன்,
தீர்த்தகிரி