கறுப்பு, கொழுத்த ஆடு, நண்டு கூடாது

நேற்று மருமகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்த வைன் போத்தலை வெள்ளவத்தை வீட்டில் திறந்தான். காஓர். அந்த மணம் மூக்கில் ஏறியதும் குசினிக்கு எழுந்து போய் அடுப்பருகே நின்றேன். உன் விரல்கள் முறிந்த சத்தம் திரும்பவும் கேட்டது, மச்சான்.

காஓர், பிரான்சின் தென்மேற்கில் ஒரு ஊர். அங்கே செய்கிற சிவப்பு வைன் கிளாசில் மை போலத் தெரியும். அந்த ஊர்க்காரர்களே அதைக் கறுப்பு வைன் என்பார்களாம். கொழும்புக் கோட்டையில் ஹோட்டலொன்றில் நீ வைன் பரிமாறினாய், நான் சமைத்தேன். வெள்ளைக்காரர் மிச்சம் விட்ட போத்தலோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் லொட்ஜ் அறையில் உட்காருவோம்.

"பால் விடாத கடுஞ்சாயத் தேத்தண்ணி மாதிரி நாக்கைப் பிடிக்குது. இதுக்குக் கொழுப்பு வேணுமடா" என்பாய். நான் கறிகளை மாற்றி மாற்றிச் சமைத்துக்கொண்டு வருவேன். நண்டோடு குடித்த அன்று, "சீ, ஆணியைச் சப்பின மாதிரிக் கிடக்கு!" என்று ஜன்னலால் துப்பினாய். மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிய ஆட்டிறைச்சிப் பிரட்டலோடுதான் அது ஒத்துப்போனது. "வாத்து பிரெஞ்சுக்காரங்களுக்கு. எங்களுக்கு ஆடுதான்!" என்று என் முதுகில் ஓங்கி அடித்தாய்.

எந்த வைனுக்கு எந்தக் கறி என்று நீ சொல்லச் சொல்ல நான்தான் கொப்பியில் எழுதினேன். உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்; ஊரில் உன் அம்மாவுக்குப் போகும் கடிதங்கள்கூட என் கையால்தான்.

நகரத்தில் குண்டு வெடித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆமிக்காரர் லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். இருவரையும் முழங்காலில் இருத்தினார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் கொப்பியைச் சத்தமாக வாசித்தான்: "கறுப்பு. இரண்டு மணித்தியாலம் முன்னமே திறந்து வைக்க வேணும். பிறகு கொழுத்த ஆடு. நண்டு கூடவே கூடாது."

அதிகாரி குனிந்து உன் தலைமயிரைப் பிடித்தான். "கறுப்பு யார்? கொழுத்த ஆடு எந்த மந்திரி?"

"அது வைன், சேர். சிவப்பு வைன்."

"சிவப்பெண்டால் ஏன் கறுப்பெண்டு எழுதினது?"

துவக்குப் பிடியால் உன் வாயில் அடித்தான். பல் தெறித்து என் மடியில் விழுந்தது. "இது யார்ர எழுத்து?" என்று கேட்டான். எனக்கு நாக்கு எழவில்லை. நாசமாய்ப்போன நாக்கு. நீ இரத்தத்தைத் துப்பிவிட்டு, "என்ர எழுத்துத்தான், சேர். இவன் பாவம், குசினியில வேலை. ஒண்டும் தெரியாது" என்றாய்.

உன் வலது கையைத் தரையில் விரித்துப் பூட்ஸால் மிதித்தார்கள். ஒவ்வொரு விரலாக. எழுதின என் கை பின்னால் கட்டப்பட்டு, ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. பிறகு உன்னை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள். நீ திரும்பி வரவே இல்லை. அவன்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

யுத்தத்தில் மூடியிருந்த பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் உன் அம்மாவிடம் போனேன். கொப்பியின் கதையைச் சொன்னேன். யார் எழுதியது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அவனுக்கு எழுத்து வராதே, தம்பி. எனக்கு வந்த கடிதமெல்லாம் உம்மட கையெழுத்துத்தானே?"

"ஓம் அம்மா" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.