பதினைந்து பல் வண்டி

ஜூன் 4

இவர் இன்று மறுபடியும் வண்டியைப் பிரித்துப் போட்டார். தார் ரோட்டுக்கும் ஆகும், மண் பாதைக்கும் ஆகும் என்று வாங்கிய உயரமான வண்டி. இதுவரை அது பார்த்த மண் எங்கள் வாசல் மண் மட்டும்தான். செயினை இழுக்கிற முன்பக்கப் பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதிமூன்று பல்லா, பதினான்கா, பதினைந்தா என்பதுதான் என் கணவரின் வாழ்க்கைப் பிரச்சினை. பதினான்கு பல், கம்பெனி போட்டுக் கொடுத்தது, அதனால் கேவலம். இன்று பதினைந்து ஏறியது. போகிற தூரம்? வீட்டிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீஸ், நடுவில் நாலு சிக்னல். ஆபீஸ் வாசலிலேயே பஸ் நிற்கும்.

ஜூன் 9

நான் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் ஜீப்பை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள். குன்று மேலே பஸ் கிடையாது. "சொந்தமா வர வழியிருந்தா வாங்கம்மா. இல்லன்னா டவுன்ல புகார் எடுக்குற சீட்டு காலியா இருக்கு" என்கிறார் இன்ஜினியர். நாள் முழுக்க போனில், தண்ணீர் வரலையா சார், பார்க்கிறோம் சார். என் மோட்டார்களை விட்டுவிட்டா? மாட்டேன். இவர் வண்டியைக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

ஜூன் 14

சமதளத்தில் நன்றாகத்தான் ஓட்டினேன். குன்று ஏற்றத்தில் கிளட்சை விட்டதும் பொட்டென்று நின்றது. மறுபடி. மறுபடி. நுனிக்கால்தான் தரையில் எட்டுகிறது. வண்டி பின்னால் நழுவியபோது உயிரே போய்விட்டது. இவருடைய சிநேகிதர் ஓரமாக நின்று சிரித்தார். "சிலருக்கு இது கைவராது. விட்டுடு" என்றார் இவர். எனக்கா? ஆளுயர வால்வைத் திருகுகிற கை இது.

ஜூன் 17

இன்றும் நின்றது.

ஜூன் 18

ஒருவேளை நிஜமாகவே எனக்கு வராதோ? புகார் சீட்டுக்கு மேலே ஃபேன் உண்டா என்று விசாரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 20

துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் போனில் சிநேகிதருக்கு உபதேசம்: "பதினஞ்சு போட்டா பைபாஸ்ல சும்மா மெதக்கும்டா. ஏத்தத்துல எடுக்கும்போதுதான் திணறும், ஆஃப் ஆயிடும். எனக்கே கஷ்டம்."

எனக்கே கஷ்டமாம்! அப்போ தெரியும். தெரிஞ்சுகிட்டே என்னைப் பாத்து விட்டுடுன்னு சொல்லியிருக்கே — பாவி மனுஷா! என் கையும் காலும் லாயக்கில்லைன்னு நானே நம்பிட்டேனே! கையிலிருந்த சட்டையைச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

ஜூன் 21

இவர் சிநேகிதருடைய காரில் டயர் கண்காட்சிக்குப் போனார். நாத்தனார் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். நிலையத்திலிருந்து பெரிய ஸ்பேனர் கொண்டுவந்திருந்தேன். அவள் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நான் நட்டைக் கழற்றினேன். பதினைந்து வெளியே, இவர் வாங்கி டப்பாவில் போட்டிருந்த பதிமூன்று உள்ளே. செயின் தொளதொளத்தது, பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி இழுத்துக்கட்டினேன். பம்ப் வேலையில் இது பாதிகூட இல்லை.

"அண்ணன் கண்டுபிடிச்சிட்டா என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"கண்டுபிடிக்கட்டும். அவர்தானே நிபுணர்!"

சாயங்காலம் குன்றில் ஏறினேன். நிற்கவில்லை. நடுவில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். ஏறியது! ஹெல்மெட்டுக்குள் அழுதேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் 23

ஆபீஸ் விட்டு பைபாஸில் ஒரு சுற்று போய் வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நூத்திமூணு காட்டுது! இத்தனை நாளா தொண்ணூறைத் தாண்டல. நான் ஊத்தின ஆயில் அப்படி!"

மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைந்தால் வேகத்தைக் கூட்டிக் காட்டும். வண்டி போவது என்னவோ பழைய வேகம்தான். ஸ்ப்ராக்கெட் டப்பாவிலிருந்த காகிதத்திலேயே போட்டிருக்கிறது. இரண்டு ஸ்ப்ராக்கெட் வாங்கிய மனிதர் ஒரு காகிதம் படிக்கவில்லை.

"அப்படியாங்க!" என்று கண்ணை விரித்தேன்.

ஜூன் 29

இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன், வண்டியில் வருகிறேன் என்று. இவரிடமும் சொன்னேன். இரண்டு வாரம் தாங்குவாயா பார்க்கலாம் என்று சிரித்தார்.

ஜூலை 1

"பாதியில நின்னா யாரு தள்ளுவா?" என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பின்னால் தொற்றிக்கொண்டார். வழி முழுக்கக் காதுக்குள் பாடம். கிளட்சை மெதுவா விடு, ஆக்ஸிலேட்டரை முறுக்காதே. இரண்டு பேர் பாரத்தோடும் வண்டி ஒரு இடத்தில்கூட முனகவில்லை. நிலையத்து கேட்டில் நிறுத்தினேன். இறங்கி டேங்கைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா? பதினஞ்சுன்னா பதினஞ்சுதான். நீ ஓட்டினாக்கூட ஏறுது!"

"பதிமூணுங்க. நான்தான் மாத்தினேன். ஏத்தத்துல பதினஞ்சு திணறும்னு நீங்க போன்ல சொன்னதைக் கேட்டேன்."

குனிந்து செயின் பக்கம் பார்த்தார். மூடி போட்டிருக்கிறது, என்ன தெரியும்?

"அப்போ அந்த நூத்திமூணு...?"

"அதே பழைய தொண்ணூறுதான்."

ஷிப்ட் சைரன் ஊதியது. வண்டியை உள்ளே விட்டுப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாம் மோட்டாரை ஓடவிட்ட பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கேட்டருகில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இறக்கம்தானே, நடந்துவிடுவார்.