சட்னிக்கு என்ன விலை?

மார்ச் 3, திங்கள்

நியூ லின்னில் இருக்கும் எங்கள் கிச்சனில் காலையிலேயே ஒரு கிரைண்டர் மக்கர் பண்ணியது. அதைச் சரிபண்ணி, இட்லி மாவை வேனில் ஏற்றி, த்ரீ கிங்ஸிலும் ஆல்பனியிலும் இருக்கும் எங்கள் டிபன் கடைகளுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், முதலாளி நல்லசாமி அண்ணா உட்காரச் சொன்னார். "சோபனா, உன் கிச்சன் நஷ்டத்துல ஓடுது." கடைகள் லாபமாம், கிச்சன்தான் நஷ்டமாம். இப்படியே போனால் ஜூனில் கிச்சனை மூடிவிட்டு மாவை வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசிக்கிறாராம்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கடையும் அவருடையது, கிச்சனும் அவருடையது. அப்புறம் யாருக்கு நஷ்டம்?

மார்ச் 4, செவ்வாய்

என் விசா இந்த வேலையின் பேரில் இருக்கிறது. கிச்சன் போனால் நானும் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். சவிதாவோடு சேர்த்து நாலு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கேட்டே விட்டேன். அண்ணா பொறுமையாகத்தான் சொன்னார். கிச்சன் ஒரு டிவிஷன், கடைகள் இன்னொரு டிவிஷன். நான் அனுப்பும் ஒவ்வொரு வாளி மாவுக்கும் கடை எனக்கு ஒரு விலை கொடுத்த மாதிரி கணக்கில் எழுதுவார்களாம். அதற்குப் பேர் ட்ரான்ஸ்ஃபர் ப்ரைஸ்.

"நிஜமாவே காசு கைமாறுதாண்ணா?"

"இல்லம்மா, கணக்குலதான்."

"அப்புறம் எதுக்கு?"

"யார் ஒழுங்கா நடத்துறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? எல்லாம் ஒண்ணா கிடந்தா எப்படிப் பார்க்கிறது?"

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டின தலைக்குள் ஒன்றும் ஏறவில்லை. இல்லாத காசு ஒன்று அவருடைய இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போகிறது. அது போதவில்லை என்று என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார். என்ன கூத்து இது!

மார்ச் 8, சனி

தனோஜனோடு போனில் சண்டை. ரெண்டு கடைகளையும் பார்த்துக்கொள்பவன் அவன். வெளியே ஒரு ஃபேக்டரியில் என் விலையைவிட மலிவாக மாவு தருகிறார்களாம், ஆல்பனிக்கு இந்த வாரம் அங்கேயே வாங்கிவிட்டான்.

"கோவிக்காதேங்கோ அக்கா. என்ர கடை லாபத்தைத்தானே அவர் பாக்கிறார்? நான் என்ன செய்யிறது?"

"இங்க நம்ம கிரைண்டர் சும்மா நிக்குது தம்பி. ஆளுக்குச் சம்பளமும் போகுது. நீ வெளியாளுக்குக் காசு குடுக்கிற. இதுல கம்பெனிக்கு என்ன லாபம்?"

"ஓம், விளங்குது. ஆனா அது உங்கட பக்கம்."

உங்கட பக்கமாம், என்ர பக்கமாம்! ஒரே கம்பெனிக்குள்ள எத்தனை பக்கம்டா? போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் தப்பும் இல்லையே என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 9, ஞாயிறு

ஆல்பனி எடுக்காத மாவு புளித்துப் போச்சு. எனக்கும்தான்.

மார்ச் 12, புதன்

சவிதா சட்னி டப்பாக்களை நிரப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபிஜிக்காரி. கொள்ளுத்தாத்தா கொண்டுபோன தமிழில் அவளிடம் நாலைந்து சொல்தான் மிச்சம். டப்பா நிறைந்த பிறகும் மேலே ஒரு கரண்டி போட்டு அழுத்தி மூடுவாள். "கொசுறு, அக்கா" என்பாள். நான் சொல்லிக்கொடுத்த சொல்.

அப்போதுதான் உறைத்தது. மாவுக்கு விலை இருக்கிறது, வடைக்கு இருக்கிறது. சட்னிக்கும் சாம்பாருக்கும்? விலையே கிடையாது! கிச்சன் தொடங்கும்போது, எதற்கென்றே கேட்காமல் நானும் அண்ணாவோடு உட்கார்ந்து விலை போட்டேனே, ரெண்டு பேர் மண்டையிலும் அது தோன்றவே இல்லை. இட்லி வாங்கினால் சட்னி சாம்பார் சும்மாதானே வரும். அதுக்குப் போய் யாராவது காசு கேப்பாங்களா?

ஆனால் தேங்காய், பருப்பு, கேஸ், அரைக்கிற ஆள் எல்லாம் என் தலையில். கடையில் எக்ஸ்ட்ரா சட்னி ஒரு டப்பா ஒரு டாலர் ஐம்பது. அது தனோஜன் லாபத்தில். அடப்பாவிகளா!

மார்ச் 14, வெள்ளி

அண்ணாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"சட்னிக்கு விலை போட்டா கடை நஷ்டத்துக்குப் போயிடுமே சோபனா. அப்ப ஆல்பனியை மூடச் சொல்றியா?"

ஐயோ, நான் அப்படியா கேட்டேன்? போர்வையை என் காலுக்கு இழுத்தால் தனோஜன் தலை வெளியே தெரிகிறது. நான் நியாயம் கேட்கிறேனா, இல்ல அந்தப் பையன் வயித்துல அடிக்கிறேனா? தெரியல. நிஜமாவே தெரியல.

மார்ச் 19, புதன்

நானே ஆல்பனிக்குப் போனேன். கடை மூடுகிற நேரம். தனோஜன் மிஞ்சின சட்னியைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தான். அரை வாளி இருக்கும்.

"தினமும் இப்படியா?"

"பின்ன? முடிஞ்சுபோனா சனம் சத்தம் போடும். அதான் கூடக் கேக்கிறது. சும்மாதானே வருது, அக்கா."

சும்மாதானே வருது! திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் சும்மா அனுப்பியது யார்? நான்தானே. சும்மா வந்தால் நானும் ரெண்டு வாளி கூடத்தான் கேட்டிருப்பேன். அண்ணா சொன்னது பாதிதான் போல. யார் நன்றாக நடத்துகிறார்கள் என்று பார்க்க மட்டும் இல்லை இந்த விலை. கேட்கிறவன் கேட்பதற்கு முன்னால் ஒரு தரம் யோசிக்கவும்தான் — சரியாகத்தான் சொல்கிறேனா? இத்தனை நாளில் இன்றைக்குத்தான் ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது.

அங்கேயே பேசினோம். சட்னிக்கு அடக்கவிலை மட்டும் கொடு, அதில் எனக்கு லாபம் வேண்டாம். மாவு விலையையும் ஃபேக்டரி விலைக்கு இறக்குகிறேன், நீ வெளியே போகாதே என்றேன். தலையைச் சொறிந்தான். "அவரோட கதைச்சுப் பாப்பம்" என்றான்.

ஏப்ரல் 2, புதன்

கிச்சனை மூடவில்லை! மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, சட்னிக்கு விலை வைத்தோம், மாவுக்குக் குறைத்தோம். கடை கையைக் கடிக்காது என்று தனோஜனே சொன்னான். திரும்பி வரும்போது காரை ஓரம் கட்டி அழுதேன்.

ஏப்ரல் 23, புதன்

தனோஜனின் சட்னி ஆர்டர் பாதியாகிவிட்டது. குப்பைக்கு ஒன்றும் போவதில்லையாம். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் சட்னிப் பக்கம் ஒரு ஆள் அதிகம் என்கிறார் அண்ணா.

ஏப்ரல் 24, வியாழன்

இனி கிச்சனில் வேலை இல்லை என்று சவிதாவிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "ஓகே, அக்கா" என்றாள். ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிச்சனைக் காப்பாத்துறேன்னு கிளம்பினேனே, யாரைக் காப்பாத்தினேன்? என் விசாவைத்தானா?

தனோஜனைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். த்ரீ கிங்ஸ் கவுண்டரில் ஒரு இடம் இருக்கிறது, பாப்பம் என்றான்.

மே 10, சனி

த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு வேலை. முடித்துவிட்டுப் பசியோடு நம் கடைக்குள் நுழைந்து இட்லி வாங்கினேன். கவுண்டரில் சவிதா. புது யூனிஃபார்ம் அவளுக்கு நன்றாக இருந்தது. சட்னி பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் கொடு என்றேன்.

டப்பாவை எடுத்து நிரப்பினாள். மேலே நின்றதைக் கரண்டியால் விளிம்போடு வழித்து வாளியிலேயே திருப்பிப் போட்டாள்.

"ஒரு டாலர் ஐம்பது, அக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே கார்டை எடுத்தேன். காலையில் நான் அரைத்து அனுப்பிய சட்னிதான். உப்பு சரியாக இருந்தது.