சரசு, உன் லேப்டாப் திறக்கவில்லை

என் அன்புச் சரசு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தெவசத்துக்குள் உன் படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியாக வேண்டும். நீ தனியாக இருக்கிற படமாகக் கைவசம் இருந்தது ஆதார் அட்டைப் படம் மட்டும்தான். "இதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. நான் செத்தா இத மட்டும் மாட்டிறாதீங்க" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

உனக்குப் பிடித்தது, நம் தேன்மொழி கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டே சிரிக்கிற படம். அதை எடுத்த செல்போன் கிணற்றுக்குள் போய்விட்டது. ஜாக்கெட் டிசைன் பார்க்க நீ வாங்கிய லேப்டாப்பில்தான் அந்தப் படம் மிச்சம் இருந்தது. அதைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது.

மகள் பெயரைப் போட்டேன், பேரன் பெயரைப் போட்டேன், குலசாமியைக் கூப்பிட்டேன். நம் பசு மாட்டைக்கூட விடவில்லை. எல்லாமே தவறு என்றது.

கறம்பக்குடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இந்த லைட்டு எரியிது பாருங்க, எல்லாம் பெரிய எழுத்தா விழுந்திருக்கு" என்று கடைக்காரர் ஒரு பொத்தானை அமுக்கி அணைத்தார். திரையின் கீழ் ஓரத்தில், தமிழ் எழுத்து விழும்படி கிடந்ததை இங்கிலீஷுக்கு மாற்றினார். மறுபடியும் குலசாமியிலிருந்து பசு மாடு வரை போட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

"இனி பார்மட் அடிக்கிறதுதாங்க ஐயா வழி. லேப்டாப்பு வேலை செய்யும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும்."

"கழட்டி உள்ள இருக்கிறத மட்டும் எடுக்க முடியாதாங்க?"

"உள்ளயும் பூட்டியிருக்குங்க. பாஸ்வேர்டு இல்லாம ஆகாது."

நீ இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் என்ன, ஜாக்கெட்டா தைக்கப் போகிறேன்? வேண்டாம் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மறுநாள் திருக்கோகர்ணத்திலிருந்து தேன்மொழி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்க பேரப் போட்டுப் பாத்தீங்களாப்பா?" என்றாள்.

"அடி போடி. ஒங்கம்மா என் பேர வாயால சொன்னதே கெடையாது."

"வாயாலதானப்பா சொல்ல மாட்டாங்க!"

நான் சொன்னதில் என்ன தப்பு? ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் என்னை இடித்து, "நீங்களே சொல்லுங்க" என்பாய். ஒரு தடவை நான் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். அப்போதுகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தவள் நீ. பெயர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பாய். கடைசியில் முந்திக்கொண்டு போனது யார்?

தேன்மொழி எழுத்து எழுத்தாகச் சொல்ல, ஒற்றை விரலால் என் பெயரை அடித்தேன். திறந்துவிட்டது, சரசு.

நான் அழுதுவிட்டேன். தேன்மொழி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். தினமும் காலையில் நீ அதைத் தட்டும்போது, நான் எதிரில்தானே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்? ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாயா?

படத்தை மாட்டியாயிற்று. கையில் சாம்பார் வாளியோடு சிரிக்கிறாய். தெவசத்துக்கு வருகிறவர்கள் பசியோடு போகமாட்டார்கள்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, பாஸ்வேர்டை மாத்திருங்க" என்கிறார் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த கறம்பக்குடிக் கடைக்காரர். நான் மாற்றப்போவதில்லை. இனி தினமும் காலையில் அதைத் திறப்பேன். நீ கூப்பிட்டதாகவே நினைத்துக்கொண்டு, "இந்தா வாரேன்" என்று சொல்வேன்.

நீ கூப்பிட்ட பெயருக்குச் சொந்தக்காரன்,
உன் வீட்டுக்காரன்
முத்துக்கருப்பன்