மாப்பிள்ளை அனுப்பிய மிஷினுக்கு ஒரு பம்ப்

மரக்காணம்,
பங்குனி கடைசி வெள்ளி

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. பூமீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது, எனக்கு வாய் மட்டும் குறையவில்லை என்கிறாள். அங்கே எட்மண்டனில் நீயும் மாப்பிள்ளை விஜயகுமாரும் பேத்தி செந்தமிழும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? தினமும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் முகம் வந்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது கண்ணு, சாப்பிட்டியா, அங்க குளிரா என்று கேட்பதற்குள் நீ வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய், மீதி நேரத்தை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். மிஷினைக் கொண்டுவந்து கொடுத்த உன் சிநேகிதி சங்கீதா ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தால் உன்னிடம் வந்து சேரும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாசியில் பெய்த மழையில் உப்புப் பாத்தியெல்லாம் சேறாகி, திரும்ப ஆள் விட்டு மிதித்து, இப்போதுதான் உப்பு வார ஆரம்பித்திருக்கிறோம். வெயில் நன்றாகக் காய்கிறது, உப்புக்கு நல்லது, எங்களுக்குத்தான் மண்டை காய்கிறது. சரி, மிஷின் கதைக்கு வருகிறேன். போன தடவை நீங்கள் வந்தபோது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்ததையும், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு முன்னாலேயே நீங்கள் கிளம்பிப் போனதையும் உனக்கு நான் எழுதவேண்டியதில்லை. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் மாப்பிள்ளை, முதல்ல தண்ணிய சரி பண்ணிடலாம் மாமா, அப்புறம் வர்றோம் என்றுதான் சொல்கிறார். நியாயமான பேச்சுதான். நம் வீட்டு போர் தண்ணீர் கரிக்கும், உப்பளத்திலேயே கிடக்கிற என் நாக்குக்கு அது தெரிவதில்லை, பச்சைப் பிள்ளை என்ன செய்யும்? சொன்ன மாதிரியே அவர் ஆர்.ஓ. மிஷினும் அனுப்பினார், உன் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் பெட்டியையே பிரிக்க விட்டாள்.

பிளம்பர் சடையப்பன் வந்து மாட்டினான். தண்ணீர் வந்தது, ஆனால் மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக. அவன் உள்ளே வெளியே பார்த்துவிட்டு, அண்ணே, இது அந்த ஊரு மிஷினு, அங்க குழாயத் தொறந்தாலே தண்ணி அடிச்சிக்கிட்டு வரும், அதான் உள்ள பம்ப் வெக்கல, நம்ம மாடி டேங்க் தண்ணிக்கு இது வேலைக்கு ஆவாது, தூக்கிப் போட்டுட்டு இங்கயே ஒண்ணு வாங்கிக்கங்க என்றான். எனக்கு வந்ததே கோபம். எம் பொண்ணு கடல் தாண்டி அனுப்புன பொருளத் தூக்கிப் போடச் சொல்ல நீ யார்ரா என்று கத்திவிட்டேன், கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

பம்ப்தானே இல்லை, பம்ப்பைப் பற்றி எனக்கா தெரியாது? காலமெல்லாம் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிறவன். உப்பளத்தில் எங்கள் கணக்கு ஒன்றே ஒன்று, வாய் அகலமாக இருக்கவேண்டும், தண்ணீர் மடமடவென்று கொட்டவேண்டும். அங்கே சும்மா கிடந்த மோட்டாரைத் தூக்கிவந்து, அதன் அகல வாயையும் மிஷினின் ஒல்லிக் குழாயையும் டேப் சுற்றிச் சேர்த்து சுவிட்சைப் போட்டேன். சேர்த்த இடம் பிய்த்துக்கொண்டு சமையலறை முழுக்க வெள்ளம், அரிசி மூட்டை நனைந்துவிட்டது, மிஷினிலோ அதே சொட்டுதான். உன் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏங்க, அடுப்பங்கரையிலயும் பாத்தி கட்டி உப்பு வாரப் போறீங்களா என்று கேட்டாள். சிரிக்கிறாய் தானே, சிரி.

மறுநாள் இரண்டு பேரும் திண்டிவனம் போனோம். பம்ப் கடையில் ரேகா என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், அதனாலேயே அவள் பேசினதைப் பொறுமையாகக் கேட்டேன். டேங்க் எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு கரிக்கும், மிஷினுக்குள் உப்பை வடிகட்டுகிற மெம்பரேன் எந்த அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஐயா, நீங்க பாக்கறது கொட்டுற பம்ப், இதுக்கு வேணுங்கறது தள்ளுற பம்ப், நெருக்கித் தள்ளுனாத்தான் மெம்பரேன்ல உப்ப வுட்டுட்டுத் தண்ணி மட்டும் அந்தாண்ட போவும், உப்பு கூடக்கூடத் தள்ளுறதும் கூடணும் என்றாள். நான் முழிப்பதைப் பார்த்து உன் அம்மா, செடிக்குத் தண்ணி வுடறப்ப டியூப் வாயக் கட்டவெரலால அமுக்குனா தூரமாப் போய் அடிக்குது இல்ல, அதுதாங்க என்றாள். அப்படியானால் இருப்பதிலேயே பெரியதைக் கொடும்மா என்றேன். கூடாதாம், மெம்பரேன் தாங்குகிற அளவுக்குத்தான் தள்ளவேண்டுமாம், அதிகமானால் வீணாகிவிடுமாம். அம்மா மிஷினில் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் பிடித்து வந்திருந்தாள், அதைப் பார்த்து ரேகா நடுவாந்திரமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டேங்க் காலியானால் தானாக நின்றுவிட ஒரு சுவிட்சும் சேர்த்தாள். பம்ப் தேங்காய் மூடி அளவுதான் இருந்தது, இதுவா தள்ளப்போகிறது என்று எனக்கு நம்பிக்கையே இல்லை.

சடையப்பன் வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன், முறைத்துக்கொண்டே வந்து மாட்டிக் கொடுத்தான். கம்பி மாதிரி தண்ணீர் வருகிறது ஜெயா. உப்பு அளக்கிற மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, கொழந்தைக்குத் தாராளமாக் குடுக்கலாம்ணே என்றான். என் வாய்க்குச் சப்பென்று இருக்கிறது, அது கிடக்கட்டும். உடனே உனக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாதீங்க, இன்னும் சரியாவலன்னே இருக்கட்டும் என்றாள். பைத்தியமா உனக்கு என்றேன். தண்ணி சரியில்லன்னா, தண்ணியாலதான் வரலன்னு இருந்துடுவேன், எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லி, அதுக்கப்புறமும் அவ வரலன்னா நான் எதைச் சொல்லி மனசத் தேத்திக்கறது என்று கேட்டாள். எடுத்த போனை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

அதனால்தான் நீ போனில் கேட்கும்போதெல்லாம் இன்னும் சொட்டுது, இன்னும் சொட்டுது என்று இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், இவ்வளவையும் அவள் திரும்புவதற்குள் எழுதி ஒட்டிவிடவேண்டும். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் கண்ணு. செந்தமிழ் என்று பெயரை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிற என் பேத்தியை மடியில் உட்காரவைத்துக்கொள்ளவேண்டும். ஜூலை லீவுக்கு வருவீர்களா?

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், பேத்திக்கு ஆயிரம் முத்தம், நீ தீர்க்காயுசாக, மஞ்சளும் பூவுமாக நன்றாக இருக்கவேண்டும். காதை மூடிக்கொள்ளாமல் குளிரில் வெளியே போகாதே. சங்கீதாவிடம் அம்மா கொடுத்திருக்கும் கருவாட்டை நன்றாகக் கட்டித் தனியாக வை, வீடெல்லாம் நாறும். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. வருவதாக இருந்தால் அவளிடமே சொல்லு. வர முடியாது என்றால் என்னிடம் மட்டும் சொல்லு, பம்ப் வயரை நானே கழட்டிவிட்டு மறுபடியும் ரிப்பேர் என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
அப்பாதுரை