கண்ணுக்கு வந்த காது மருந்து

மார்ச் 13, வெள்ளி (வியாழன் என்று எழுதி அடித்திருக்கிறேன்), காலை 9.10.

மகளுக்கு,

அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு வருவதால், மூன்று இரவுகளாக நான் உறங்கவில்லை. மருந்து அட்டவணையில் இன்று காலை ஆறு மணிக் கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மருந்து விட்ட நினைவு எனக்கு இல்லை. எட்டு மணிக்கு அப்பாவே என் கையைத் தடுத்து, "ஏய், என்ன எண்ணெய் வாசனை வருது?" என்றார். என் கையில் இருந்தது என்னுடைய காது மருந்து. அதை வைத்துவிட்டுச் சரியான மருந்தை விட்டேன்.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஒரு வேளை விட்டுப்போனா பரவாயில்லம்மா. முதல்ல நீங்க தூங்குங்க. ஒரே நாள்ல சரியாகாது, ஒரு வாரம் நேரத்தோட படுங்க. மத்தியானத்துக்கு மேல காபி வேண்டாம்" என்றார்.

பத்து மணி மருந்தை நீ வந்ததும் விடு. சரியான குப்பிக்கு நீல மூடி. காதுக் குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டேன். போட்டேன் என்றுதான் நினைக்கிறேன், பார்த்துவிடு. அலமாரிச் சாவியைக் காணவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் தேடு.

நேற்று நீ, "நான் பாத்துக்கறேன், தூங்கும்மா" என்றாய். "உனக்கு எதுதான் ஒழுங்கா வரும்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது தவறு.

பி.கு.: அப்பாவைக் கண்ணைக் கசக்க விடாதே.

இன்னொன்று: சித்தி வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். ஞாயிறு மாலை வரை மருந்து முழுவதும் உன் பொறுப்பு. நான் அங்கே உறங்குவேன். இங்கே என்ன நடக்கிறது என்று தொலைபேசியில் கேட்க மாட்டேன்.