டீ நன்றாக இருந்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வந்தவை: ஏழு குடைகள், இடது கால் செருப்பு ஒன்று, ஒரு பல்செட். பல்செட்டை சீட்டில் விட்டுவிட்டு இறங்கிப்போன மனிதர் அப்படி என்ன யோசனையில் இருந்திருப்பார்? டிப்போ மேனேஜரிடம் கேட்டேன். "அதைப் பதிவு பண்ணும்மா, ஆராய்ச்சி பண்ணாத" என்றார்.

ஏழு மாதமாகத் தொலைந்த பொருள் அறையில்தான் வாசம். பதினொரு வருடம் பஸ் ஓட்டிய கை, குடைகளுக்குச் சீட்டுக் கட்டுகிறது. சரி, அழுமூஞ்சித்தனம் வேண்டாம், நல்ல செய்தியை எழுதுகிறேன். மதியம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஆய்வுக்கு என்னை எடுத்துக்கொண்டார்களாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "உன்ன வச்சு சோதனை பண்ணப் போறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 4, புதன்

நேற்று விட்டதை எழுதிவைக்கிறேன். இருபத்திரண்டு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறேன், இப்போது நாற்பத்தொன்று. இன்சுலின் சர்க்கரையை இறக்கும். இறங்கியது நிற்காவிட்டால்? மிட்டாய்தான் கதி. பிரேக் மட்டும் வைத்து ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் கொடுத்த வண்டி என் உடம்பு. நல்ல உடம்பில் ஏற்றிவிடவும் ஒரு மருந்து தானாகச் சுரக்குமாம், குளுக்ககான் என்று பெயர். அதையும் பம்ப் வழியாகச் செலுத்திப் பார்ப்பதுதான் ஆய்வு.

போன ஆகஸ்டில் நடந்தது இவ்வளவுதான்: நிறுத்தத்தில் பஸ்ஸை ஒழுங்காக நிறுத்தினேன். சர்க்கரை இறங்கியதில், கதவை எப்படித் திறப்பது என்பது மறந்துபோய்விட்டது. பதினொரு வருடமாகத் திறந்த கதவு. உள்ளே இருபத்தேழு பேர், நான்கு நிமிடம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கதவு மக்கர் செய்தது என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன், ஸ்டியரிங் போயிற்று. ஒரு வருடம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

மார்ச் 9, திங்கள்

மாட்டியாகிவிட்டது. இடுப்பில் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு குப்பி, வயிற்றுக்கு இரண்டு குழாய். கையில் ஒரு சென்சார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். ஒரு குப்பியில் இன்சுலின். இன்னொன்றில் என்ன என்பதுதான் வேடிக்கை. முதல் பதினான்கு நாள் ஒரு மருந்து, பிறகு இன்னொன்று. ஒன்று குளுக்ககான், ஒன்று வெறும் உப்புத் தண்ணீர் மாதிரி. எது எப்போது என்று எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது.

நர்ஸ் சின்னப் பெண். கண்டிப்பில் மட்டும் எங்கள் மேனேஜருக்கு மேனேஜர். "எழுபதுக்குக் கீழ போனா குளுக்கோஸ் மாத்திரை தாராளமா சாப்பிடுங்கக்கா. ஆனா எது வாயில போட்டாலும் இந்தப் பட்டனை அழுத்திப் பதிஞ்சிருங்க. பதியாம ஒரு மிட்டாய் உள்ள போனாலும் எங்க ஆராய்ச்சி பாழ்."

தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரும் தலையாட்டினார்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது குப்பி ஒரு நாள்தான் தாங்கும். தினமும் காலையில் பொடியையும் தண்ணீரையும் கலந்து புதிதாக நிரப்ப வேண்டும். குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். முதல் நாளே குலுக்கிவிட்டேன். ஒரே நுரை. இன்னொன்று கலந்தேன்.

மார்ச் 12, வியாழன்

பெட்டிக்கு இடுப்பில் மாட்ட ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறார். குழாய்க்கு இரண்டு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பட்டன்துளைத் தையல். மனிதர் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஊசியால் சொல்வார்.

நான்கரை மணி டீ நன்றாக இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

சென்சார் எட்டு முறை கத்தியது. ஒருமுறை மேனேஜர் தன் போன் என்று நினைத்து "ஹலோ" என்றார்.

மார்ச் 16, திங்கள்

நாத்தனார் வந்திருந்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இனிமே அண்ணன் உங்க மூக்கைப் பாத்துட்டே உக்கார வேணாம், இல்ல அண்ணி?" என்றாள்.

என் சர்க்கரை இறங்கினால் முதலில் மூக்கு நுனி வெளுக்குமாம், அவர் கண்டுபிடிப்பு. கல்யாணமாகிப் பதினாறு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு மூக்கு ஜோசியர் குடியிருக்கிறார். நான்கு மணி ஆனால் தையல் மெஷினை நிறுத்திவிடுவார். நான் வேலையிலிருந்து வந்து சோர்ந்து உட்காரும் நேரம் அது. டீ கொண்டுவரும் சாக்கில் மூக்கைப் பார்ப்பார். சட்டைப் பையெல்லாம் மிட்டாய். எங்கள் துணிகளைத் துவைக்கும்போது எறும்பு வராத வாரமில்லை.

இன்றும் டீ அருமை. இந்த மனிதருக்குத் திடீரென்று கைப்பக்குவம் வந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

மருத்துவமனை. டாக்டர் சென்சார் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சர்க்கரை இறங்கிய இடத்திலிருந்து நன்றாக மேலே வருகிறது என்றார். அப்படியானால் எனக்கு வந்திருப்பது அசல் மருந்துதானே? வழியெல்லாம் பஸ் ஓட்டுகிற மாதிரி வலது காலை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மார்ச் 19, வியாழன்

மூன்று கைக்கடிகாரம், ஒரு கிடார். டீக்கு இரண்டாவது டம்ளர் கேட்டேன். முகம் மாறிப்போய், "ஒண்ணு போதும்" என்றார். கருமி.

மார்ச் 21, சனி

வீட்டில் இருந்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். ஒரே தூசி, ஒரே தும்மல். களைத்து இறங்கினேன், டீ தேவாமிர்தம்.

மார்ச் 23, திங்கள்

எழுத எழுதப் பேனா தாளைக் கிழிக்கிறது. சர்க்கரை இல்லை, கோபம்.

நர்ஸ் படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். நான்கு நாள், சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் சர்க்கரை இருநூறைத் தாண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு முன் பெட்டி இரண்டாவது குப்பியிலிருந்து தள்ளியது என்னவோ சின்னச் சின்னச் சொட்டுகள்தான், அவ்வளவு தூரம் ஏற வழியில்லை. நான் எதையும் பதியவும் இல்லை. "அக்கா, எதாவது சாப்பிட்டீங்களா? மறந்திருந்தா சொல்லுங்க, தப்பில்ல." இல்லை என்றேன். "இப்படியே இருந்தா உங்கள ஆய்விலேருந்து எடுக்க வேண்டி வரும்" என்றாள். குரலில் கடுமை இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

நானா பொய் சொல்கிறேன்? கதவு மக்கர் என்று ஒரு வரி எழுதாமல் ஸ்டியரிங்கையே தூக்கிக் கொடுத்தவ நான் — என்னப் பாத்து திருட்டுத்தீனி திங்கிறேன்னு —

அந்த நான்கு தேதிகளைக் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு வந்தேன். 12, 16, 19, 21. அன்றெல்லாம் என்ன சாப்பிட்டேன் என்று பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன்.

பன்னிரண்டு: டீ நன்றாக இருந்தது. பதினாறு: டீ அருமை. பத்தொன்பது: இரண்டாவது டம்ளர். இருபத்தொன்று: தேவாமிர்தம்.

அடப்பாவி மனுஷா.

மார்ச் 24, செவ்வாய்

நான் டீயில் இனிப்பு மாத்திரை போட்டுக் குடிக்கிறவள். மாத்திரைக்குப் பதில் சீனி விழுந்தால் டீ ருசிக்கும், அவ்வளவுதான், வேறு வித்தியாசம் தெரியாது. இதுகூடத் தெரியாமல் கைப்பக்குவம் என்று மெச்சியிருக்கிறேன்.

அவருடைய பட்டன் டப்பாவைத் திறந்தேன். வெள்ளைப் பட்டன்களுக்கு அடியில் சீனிப் பொட்டலம்.

"மூக்கு வெளுத்துச்சு" என்றார்.

"வெளுத்தா சொல்ல வேண்டியதுதான? நான் மாத்திரை சாப்பிட்டுப் பதிஞ்சிருப்பேன்ல?"

"சொன்னா நீ நம்ப மாட்ட. மெஷின் எண்பதுன்னு காட்டும், மெஷினத்தான் நம்புவ."

உண்மைதான், நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் கத்தினேன். என் ஸ்டியரிங் உங்க கரண்டியில போயிருச்சுன்னு கத்தினேன். அவர் கத்திரிக்கோலை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு உன் மூக்கு வெளுத்தத நான் பாத்தேன். ஒரு காலர் மிச்சம் இருந்துச்சு. முடிச்சுட்டு வரலாம்னு இருந்தேன். முடிச்சுட்டு வந்தா நீ தரையில கெடக்குற."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. நான் சமையலறையில் விழுந்தது தெரியும், அவர் என் ஈறில் சீனியைத் தேய்த்தது தெரியும். காலர் விஷயத்தை இன்றுதான் சொல்கிறார். ஒன்பது வருடமாக இதை வைத்துக்கொண்டா என் மூக்கைப் பார்த்தார்?

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவருக்கும்தான். ஒரு பட்டனைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

இப்போது கேள்வி: மருத்துவமனையில் சொல்வதா? சொன்னால் வெளியே அனுப்பிவிடலாம், சான்றிதழும் போகும். சொல்லாவிட்டால்? பரண் ஏறிய அன்று ஏதோ பிஸ்கட் தின்றேன், மறந்துவிட்டேன் என்றால் போயிற்று. ஆனால் நாளைக்கு யாரோ ஒருத்தி இடுப்பில் இந்தப் பெட்டி இருக்கும். என் வீட்டுச் சீனியை மருந்து என்று நம்பி அவள் வண்டி ஓட்டுவாள்.

சொல்லிவிட வேண்டியதுதான்.

மார்ச் 25, புதன்

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பொட்டலத்தை எடுத்து நர்ஸ் மேசையில் வைத்தார். "திருடன் நாந்தாம்மா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவள எடுத்துராதீங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் இந்த நோட்டை நீட்டினேன், நான்கு டீயையும் அடிக்கோடிட்டிருந்தேன். படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்கத்தான். டாக்டரிடம் போய் அரை மணி நேரம் வரவில்லை. எனக்கு பஸ் கதவு திறக்காத அந்த நான்கு நிமிடம் மாதிரியே இருந்தது.

வந்தாள். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். இதே குப்பியில் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும். பிறகு அவரிடம் ஒரு குட்டி நோட்டைக் கொடுத்தாள். "அண்ணா, மூக்கு வெளுத்தா மணியை இதுல எழுதுங்க. அக்காகிட்ட வாய் விட்டுச் சொல்லுங்க. கரண்டியைத் தொடக் கூடாது."

பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 27, வெள்ளி

"வெளுத்துருச்சு" என்றார். மெஷின் எண்பத்தொன்று. கால் மணி நேரத்தில் அறுபத்தைந்து. மாத்திரை சாப்பிட்டேன், பதிந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, அவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தார். டீ வழக்கம்போல் கசாயம்.

ஏப்ரல் 1, புதன்

இரண்டாவது கட்டத்துக் குப்பிகள் வந்தன. உருட்டினேன், குலுக்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

காலையில் வயிற்றைப் புரட்டியது. குளுக்ககான் சிலருக்கு அப்படிச் செய்யும் என்று ஆய்வுப் படிவத்தில் இருந்தது. நர்ஸிடம் சொன்னேன். "குறிச்சுக்கிறேன்" என்றாள். குரலில் என்னவோ இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ?

ஏப்ரல் 6, திங்கள்

4.10க்கு "வெளுத்துருச்சு." மெஷின் எழுபத்தாறு, அம்புக்குறி கீழே. மாத்திரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பெட்டி 'டிக்' என்றது. இன்னொரு 'டிக்'. எழுபத்து மூன்று. எழுபத்து நான்கு. எண்பத்திரண்டு. நான் எதுவும் சாப்பிடவில்லை.

அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குட்டி நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: "4.10 வெளுப்பு. 4.30 தானாகவே சிவப்பு."

ஏப்ரல் 15, புதன்

முடிந்தது. இரண்டாவது கட்டத்தில் பதினாலு வெளுப்பு, மாத்திரை தேவைப்பட்டது இரண்டே முறை. ஆய்வு முடிந்தவர்கள் விரும்பினால் பெட்டியை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் அசல் மருந்தே தருவார்களாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். அவர் எனக்கு முன்னால் "சரி" என்றுவிட்டார்.

பையைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கும் பன்னிரண்டு தைத்துத் தரக் கேட்டிருக்கிறார்கள். நிறம் என்ன என்று நூறு கேள்வி கேட்கிறார்.

ஜூலை 8, புதன்

நர்ஸ் போன் செய்தாள். யாருக்கு எது எப்போது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்துவிட்டார்கள். எனக்கு முதலில் வந்தது வெறும் தண்ணீர்தான், இரண்டாவதுதான் மருந்து. ஆக, மார்ச்சில் டாக்டர் மெச்சியது இவருடைய கரண்டியை. சொன்னேன். "டாக்டரே சொல்லிட்டாரா" என்றார்.

செப்டம்பர் 2, புதன்

டிப்போவுக்கு மருத்துவமனைக் கடிதம் வந்துவிட்டது. மேனேஜர் மூன்று முறை படித்தார். "அப்ப இந்தக் குடையெல்லாம் யாரும்மா பாத்துக்கிறது?" இதுதான் அவர் வாழ்த்துச் சொல்லும் லட்சணம்.

செப்டம்பர் 14, திங்கள்

காலை 6.10, முதல் ட்ரிப். முதல் நிறுத்தத்தில் கதவைத் திறந்தேன். மூடினேன். திரும்பத் திறந்தேன், சும்மாதான். வெளியே நின்ற அம்மா, "உள்ள வரவா வேணாமா?" என்றார். "வாங்க, வாங்க" என்றேன். எட்டு மணி நேரமும் சிரித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன், தாடை வலிக்கிறது.

வீட்டுக்கு வரும்போது நான்கு இருபது. தையல் மெஷின் நின்றிருந்தது, அது வழக்கம்தான். டீ வாசனைதான் இல்லை. ஒரு நிமிடம் பயந்துபோனேன்.

நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பாதி தைத்த சட்டை மடியில், வாய் லேசாகத் திறந்திருந்தது. பதினாறு வருடத்தில் இந்த மனிதர் நான்கு மணிக்குத் தூங்கி நான் பார்த்ததில்லை. இடுப்பில் பெட்டி ஒருமுறை 'டிக்' என்றது. என் மூக்கு வெளுத்திருக்குமோ என்னவோ. பார்த்துச் சொல்ல ஆள் விழித்திருக்கவில்லை.

எழுப்பாமல் நானே டீ போட்டேன், இரண்டு இனிப்பு மாத்திரை. நன்றாகவே இல்லை. முழு டம்ளரும் குடித்தேன்.